டின் பால் பசும்பாலுக்கு ஈடாகாது

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் தோட்டப் பிள்ளைகளுக்கு டின் பாலைக் கரைத்துக் கொடுத்தாலே பசும்பாலின் சத்து கிடைத்துவிடும் என்று அண்ணன் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. நம் மளிகைக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இனிப்புக் கிரீமர்தான். டின்னைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படித்தால், சீனியோடு, மலாய் மொழியில் ‘மிஞ்யாக் சாவிட்’, அதாவது நம்மவர்கள் குலை வெட்டும் அதே செம்பனையின் எண்ணெயும், சிறிதளவு பால் திடப்பொருளும் இருப்பது தெரியும். அசல் கெட்டிப்பாலிலும் எடையில் 40 விழுக்காட்டுக்கு மேல் சேர்த்த சீனியே. குடிக்கும் பதத்துக்குத் தண்ணீர் விட்டால் இருக்கும் சொற்பப் புரதமும் நீர்த்துப்போகும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இவை தாய்ப்பாலுக்கோ குழந்தைப் பால்மாவுக்கோ மாற்றே அல்ல.

சத்துணவு வகுப்பு நடத்தினால் தாய்மார் தாமே மாறிவிடுவார்கள் என்றும் அவர் சேர்த்திருக்கிறார். பால்மா விலையைப் பார்த்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். வகுப்பு முடிந்து வைக்கும் அறிவுத்தேர்வில் மதிப்பெண் உயர்வது வேறு, வீட்டுச் சமையலறையில் வாங்கும் பொருள் மாறுவது வேறு. அத்தகைய வகுப்பின் பலனை ஆராயும்போது இரண்டையும் தனித்தனியாகவே அளக்க வேண்டும்.