எல்லை தாண்டினாலும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் செல்லும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பிளஸ் டூ முடித்ததும் கோயம்புத்தூருக்குத்தான் படிக்கப் போகிறார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அந்த எல்லையே முதல் தலைவலி. பார்வை ரொம்பக் குறைவான என் அக்கா மகளை ஒரு கல்லூரி ஆபீசில், அவளுடைய மாற்றுத்திறனாளிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இது கேரளா சர்டிபிகேட், இங்கே செல்லாதும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தவறான பதில் அது! 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 58ஆவது பிரிவைப் பாருங்கள், அந்தச் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். பென்ஷன் மாதிரி மாநில அரசு தரும் உதவிகள் வேறு கணக்கு, இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும், வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. சரி, சீட் கிடைத்துவிட்டது. அப்புறம்?

அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நோட்ஸை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். அது வெறும் படம், திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் திரை வாசிப்பான் மென்பொருள் அதில் ஒரு வார்த்தைகூடப் படிக்காது. தமிழ்ப் பாடம் என்றால் இன்னும் மோசம், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஃபைலைக் கொடுத்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளாக உளறிக்கொண்டே போகும். அதையே எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் கொடுத்தால், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரை வாசிப்பானே தமிழில் படித்துக் காட்டிவிடும். இதற்குக் கட்டடம் கட்ட வேண்டாம், நிதி வர வேண்டாம், ஆசிரியர் மனசு வைத்தால் போதும். ஒரு பிள்ளை மூன்று வருஷம் தோழிகளிடம் "கொஞ்சம் படிச்சுக் காட்டுடி" என்று கெஞ்சிக்கொண்டே பட்டம் வாங்க வேண்டுமா?

தேர்விலும் ஏமாறாதீர்கள். சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளத் தகுதியுள்ளவர்களுக்கு மணிக்கு குறைந்தது 20 நிமிஷம் கூடுதல் நேரம் உண்டு, ஆள் வைக்காமல் தானே எழுதினாலும் உண்டு. 40 சதவீதம் இல்லை என்று சொல்லி எழுதுபவரை மறுத்தால், 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைக் காட்டுங்கள். எழுதும்போது கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள தேர்வர் அவர், 40 சதவீதம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி எழுதுபவரை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பெற்றோர்களே, வாய்ப்பேச்சில் விடாதீர்கள். என்னென்ன தேவை என்று கல்லூரி திறந்த முதல் வாரமே முதல்வருக்கு எழுதிக் கொடுங்கள், சீல் போட்ட நகலை வாங்கி வையுங்கள். மத்திய அரசின் ஸ்காலர்ஷிப்புக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கடைசித் தேதிவரை காத்திருக்காதீர்கள்.