எனக்கு ஒட்டியது அந்த எட்டாம் இடம்தான்

பனி விளையாட்டு வீரர்களின் விடாமுயற்சி நமக்கும் தெம்பு தரும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆனால் பதக்க மேடையை மட்டும் காட்டினால் எனக்கு ஒட்டுவதில்லை.

அமெரிக்க வேகச் சறுக்கு வீரர் டான் ஜான்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் 500 மீட்டர் பந்தயத்தன்று காலையில்தான் அவருடைய அக்கா ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அன்றைய பந்தயத்தில் முதல் வளைவிலேயே விழுந்தார். நான்கு நாள் கழித்து 1000 மீட்டரிலும் விழுந்தார். 1992 ஒலிம்பிக்கில் 500 மீட்டரில் நான்காம் இடம். 1994இல் நார்வேயின் லில்லெஹம்மர் ஒலிம்பிக்கில், உலகச் சாதனையே கையில் இருந்தும் அதே 500 மீட்டரில் கால் வழுக்கி எட்டாம் இடம். மிச்சமிருந்தது 1000 மீட்டர். அது அவருடைய பலமான தூரமே இல்லை. அதில் 1:12.43 என்ற உலகச் சாதனையோடு தங்கம். அதிலும் ஒரு வளைவில் லேசாகத் தடுமாறினார், பார்க்கிற நமக்கே பதறும்.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, என் கால் 90 டிகிரிக்கு மேல் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. குதிகாலில் துண்டை மாட்டி இழுக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அப்போதெல்லாம் எனக்கு அந்தத் தங்கம் நினைவுக்கு வராது. எட்டாம் இடத்துக்கும் தங்கத்துக்கும் நடுவே கிடந்த நான்கு நாள்தான் வரும். அந்த நாள்களிலும் மனிதர் குனிந்து சறுக்குக் காலணியின் நாடாவைக் கட்டியிருப்பார் இல்லையா?

நேற்று 110 டிகிரி. பிசியோதெரபிஸ்டுக்கு இன்னும் திருப்தி இல்லை.