அருவி ஓடுகிறது, ஜன்னலைத் திறக்காதே

(ஞாயிற்றுக்கிழமை மாலை. தம்பி தனியாகக் குடியிருக்கும் வீடு. ஜன்னல்கள் சாத்தியிருக்கின்றன. மின்விசிறி ஓடவில்லை. அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறாள். இரண்டடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.)

அக்கா: டேய்! எங்கேடா இருக்கிறாய்? என்னடா எரிகிறது?

தம்பி: உஷ்! கத்தாதே அக்கா. நான் அமைதியாக இருக்கிறேன்.

அக்கா: இருக்கிறாயா என்பதே சந்தேகமாக இருக்கிறது. குரல் மட்டும்தான் வருகிறது. இரு, ஜன்னலைத் திறக்கிறேன்.

தம்பி: ஐயையோ, வேண்டாம்! அருவி கலைந்துவிடும்!

அக்கா: எந்த அருவி?

தம்பி: மேஜை மேலே பார். பீங்கானில் சின்னதாக ஒரு மலை. உச்சியில் கூம்பு ஊதுபத்தி. புகை மேலே போகாமல் பாறை பாறையாக வழிந்து இறங்குகிறது பார். பார்த்துக்கொண்டே இருந்தால் மனசு லேசாகிவிடும்.

அக்கா: புகை எப்படிடா கீழே போகும்?

தம்பி: கூம்புக்கு அடியில் ஓட்டை இருக்கிறது. அது வழியாக இறங்கும்போதே புகை ஆறிவிடும். ஆறிய புகை காற்றைவிடக் கனம், அதனால் வழியும். ஆனால் அறையில் துளிக் காற்றுகூட அசையக் கூடாது. அதனால்தான் விசிறியைக்கூடப் போடவில்லை.

அக்கா: அதனால்தான் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

தம்பி: கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திரும்பிப் பேசு அக்கா. நீ ‘ப’ சொல்லும்போதெல்லாம் அருவி வளைகிறது.

அக்கா: (வாயைக் கையால் மறைத்துக்கொண்டு) சரி. எப்போதிலிருந்து இந்தக் கிறுக்கு?

தம்பி: ஆபீஸ் டென்ஷன் தாங்கவில்லை. தியானம் செய்யலாம் என்று உட்கார்ந்தால் மனம் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. நல்ல வாசனை இருந்தால் நிற்கும் என்றார்கள்.

அக்கா: நின்றதா?

தம்பி: நின்றது. கூம்பு அணைந்துவிட்டதா, சாம்பல் விரிப்பில் விழுந்ததா, அடுத்ததை எப்போது பற்றவைப்பது... இதைத் தவிர வேறு எதிலும் மனம் போகவே இல்லை.

அக்கா: கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது?

தம்பி: ஞானக்கண் திறக்கிறது.

அக்கா: முதலில் இருக்கிற இரண்டைக் காப்பாற்றிக்கொள். அது என்ன, மூலையில் சிவப்பாக எரிகிறது?

தம்பி: ஏர் பியூரிஃபையர்.

(‘பியூ’வுக்கு அருவி நன்றாகவே வளைந்தது. இருவரும் பார்த்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.)

அக்கா: 999 என்று காட்டுகிறதே?

தம்பி: அதற்கு மூன்று இலக்கத்துக்கு மேல் காட்டத் தெரியாது.

அக்கா: எவ்வளவு இருந்தால் நல்லது?

தம்பி: 2.5 மைக்ரானும் அதைவிடச் சின்னதுமான துகள்களைச் சொல்கிறாயா? ஒரு கன மீட்டர் காற்றில், ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்ட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது.

அக்கா: பதினைந்து!

தம்பி: சராசரிதானே அக்கா. நான் தூங்கும்போது குறைந்துவிடும்.

அக்கா: அந்த மெஷின் ஓடுகிற சத்தமே கேட்கவில்லையே?

தம்பி: ஓடினால் காற்று வரும். காற்று வந்தால்...

அக்கா: அருவி கலைந்துவிடும். அப்புறம் எதற்கு அதை பிளக்கில் சொருகி வைத்திருக்கிறாய்?

தம்பி: நிலவரம் தெரிய வேண்டாமா?

அக்கா: இதில் மனசு லேசாகும் என்று உனக்கு யார் சொன்னது?

தம்பி: விஞ்ஞானமே சொல்கிறது. 2008-இல் ஆராய்ச்சி வந்திருக்கிறது. குந்திரிக்கப் பிசினில் இன்சென்சோல் அசிடேட் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதைக் கொடுத்தபோது எலிகளுக்குப் பதற்றம் குறைந்ததாம்.

அக்கா: எலிக்கு என்னடா பதற்றம்? வீட்டுக்கடன் தவணையா கட்டுகிறது?

தம்பி: விளையாடாதே அக்கா. நிஜமான ஆராய்ச்சி.

அக்கா: எலியை இப்படி அறைக்குள் பூட்டிப் புகை போட்டார்களா?

தம்பி: (குரல் இறங்கி) இல்லை... அந்தப் பொருளை மட்டும் பிரித்தெடுத்து ஊசியாகப் போட்டார்கள்.

அக்கா: பார்த்தாயா! எலிக்குக்கூட இந்தக் கொடுமையைச் செய்யவில்லை. சரி, இது குந்திரிக்கக் கூம்பா?

தம்பி: இல்லை. ‘அமைதி’ என்று அட்டையில் போட்டிருந்தது, வாங்கிவிட்டேன். அகில் வாசனை. அகில் என்றால் சும்மா இல்லை அக்கா. நோய் இல்லாத மரத்தில் அந்த வாசனையே கிடையாது. காயம்பட்டு, பூஞ்சை பிடித்தால்தான் மரம் பிசினைச் சுரந்து உள்ளே கறுக்கும். அந்தக் கறுத்த கட்டைதான் மணக்கும்.

அக்கா: உன் குளியலறைத் துண்டுக்கும் பூஞ்சை பிடித்துத்தான் இருக்கிறது. அது எப்போது மணக்கும்?

தம்பி: உனக்கு ஆன்மிகமே கிடையாது.

அக்கா: ஓ, இதில் ஆன்மிகமும் உண்டா?

தம்பி: பின்னே? எத்தனை மதங்களில் தூபம் போடுகிறார்கள் தெரியுமா? பழைய எகிப்துக் கோயில்களில் சாயங்காலமானால் கைஃபி என்று ஒரு தூபம் போடுவார்களாம். தேன், திராட்சை, பிசின் என்று 16 சரக்கு சேர்த்தது. தேவாலயத்தில் சங்கிலியில் கட்டிய தூபக்கலசத்தை ஆட்டுகிறார்கள். புத்தர் சன்னதியில் ஊதுபத்தி. பல இடங்களில் அர்த்தம் ஒன்றுதான். புகை மேலே போகும், நம் வேண்டுதலும் அதோடு மேலே போகும்.

அக்கா: உன் புகைதான் கீழே போகிறதே. உன் வேண்டுதலை யாருடா வாங்கிக்கொள்வது?

(தம்பி அருவியைப் பார்க்கிறான். தரையைப் பார்க்கிறான். இன்று மாலை முழுக்க அவன் செய்த தியானத்தில் உருப்படியானது இந்த அரை நிமிடம்தான்.)

தம்பி: நான் பதவி உயர்வு கேட்டிருந்தேன்.

அக்கா: கீழ்வீட்டுக்காரருக்குக் கிடைத்திருக்கும், போய் விசாரி. அந்த அட்டைப்பெட்டியைக் கொடு. (பெட்டியைத் திருப்பி, கண்ணருகே வைத்துப் படிக்கிறாள்.) ‘காற்றோட்டமான இடத்தில் மட்டும் பயன்படுத்தவும்.’ டேய், இதைப் படித்தாயா?

தம்பி: படித்தேன். மலையோடு வந்த காகிதத்தில் ‘காற்றில்லாத இடத்தில் வைக்கவும்’ என்று இருந்தது. இரண்டில் எதை நம்புவது? மலைதான் விலை அதிகம்.

அக்கா: நகரு.

(ஜன்னல்கள் திறக்கின்றன. விசிறி சுழல்கிறது. அருவி நடுவில் அறுந்து, அங்குமிங்கும் அலைந்து, ஒன்றுமில்லாமல் போகிறது. தம்பி நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறான்.)

அக்கா: சாதாரண ஊதுபத்தி ஏதாவது இருக்கிறதா?

தம்பி: ஜப்பான் மாதிரியில் ஒன்று இருக்கிறது. நடுவில் மூங்கில் குச்சி கிடையாது, மூங்கில் கருகுகிற வாடை வராது. ஆனால் அதில் அருவி வராது அக்கா.

அக்கா: மிகவும் நல்லது. (குச்சியைப் பாதியாக ஒடிக்கிறாள். பற்றவைத்து, சுடரைக் கையால் விசிறி அணைத்து, தணல் மட்டும் இருக்கிறதா என்று பார்த்து, மணல் போட்ட கிண்ணத்தில் நடுகிறாள். ஜன்னல் பக்கம், திரைச்சீலையிலிருந்து எட்டி வைக்கிறாள்.) எழுந்திரு, நாம் அடுத்த அறைக்குப் போவோம்.

தம்பி: பற்றவைத்துவிட்டு யாராவது எழுந்து போவார்களா? காசைக் கரியாக்குகிற மாதிரி இருக்கிறதே.

அக்கா: கதவைத் திறந்தே வை, அங்கிருந்தே கண்ணில் படும். உனக்கு வேண்டியது வாசனையா, புகையா? அது எரிந்து முடியட்டும். புகை போய்விடும், வாசனை போகாது. அப்புறம் போய் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் மூச்சை இழு.

(கொஞ்ச நேரம் கழித்து இருவரும் திரும்பி வருகிறார்கள். அறையில் மெலிதாகச் சந்தன வாசனை. மெஷினில் விளக்கு பச்சை. தம்பி உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை இழுக்கிறான். ஒரு கண்ணைத் திறக்கிறான்.)

தம்பி: அக்கா.

அக்கா: என்ன?

தம்பி: ஒன்றும் நடக்கவில்லையே?

அக்கா: அதற்குப் பெயர்தான்டா அமைதி. உட்கார். நான் கிளம்புகிறேன்.

தம்பி: சரி... ஏய், அந்தக் கூம்புப் பெட்டியை ஏன் பையில் போடுகிறாய்?

அக்கா: வீட்டில் கொசுத்தொல்லை.

தம்பி: அக்கா, அது தியானத்துக்கு! கொசுவுக்கு இல்லை!

அக்கா: நானே வாசலோடு ஓடப் பார்த்தேன். கொசு நிற்குமா?