ஆற்றின் நடுவிலிருந்து எடுத்த கல்

அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து நான்கு வருடம் ஆகிறது. அவர் வாசித்த வேதாகமத்தை நான் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தது போன வருடம்தான். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதம் வீட்டோடு கிடந்த நேரம். வேலை கைவிட்டுப் போயிருந்தது. சபையில் செய்துவந்த சின்னச் சின்ன ஊழியங்களும் நின்றுவிட்டன. "ஆண்டவரே, என்னை இன்னும் எதற்கு வைத்திருக்கிறீர்?" என்று தினமும் கேட்டேன். அது ஜெபமா புலம்பலா என்று எனக்கே தெரியாது.

சேர்ந்தாற்போல் அரை மணி நேரம்தான் உட்கார முடியும். அந்த அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய வேலை ஒன்றே ஒன்று இருந்தது: அம்மாவின் பழைய பெட்டியைப் பிரிப்பது.

வேதாகமத்தில் 56-ம் சங்கீதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு தேதி. பக்கத்தில் வேறொரு சொல்லும் இல்லை. 8-ம் வசனத்தின் கீழே கோடு: "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" துருத்தி என்றால் தோல் பை. அந்தக் கோடு நேராக இல்லை, நடுவில் இரண்டு இடத்தில் விட்டுவிட்டுப் போட்டிருந்தது. நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முந்தைய தேதி அது.

பெரியம்மாவுக்குப் போன் போட்டு தேதியைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அது உன் அண்ணன் போன நாள்டா."

எனக்கு அண்ணன் ஒருவன் இருந்தான் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். 11 நாள் உயிரோடு இருந்திருக்கிறான். போட்டோ இல்லை. வீட்டில் யாரும் அவனைப் பற்றிப் பேசியதே இல்லை. என்னை வளர்த்து, படிக்கவைத்து, நான் சோர்ந்த நாளெல்லாம் எனக்காக முழங்காலில் நின்ற அம்மா, தன் வாழ்க்கையின் மிகப் பெரிய துக்கத்தை ஒரு பென்சில் தேதிக்குள் அடக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்றைக்கு வெகுநேரம் அழுதேன். என் வேலை என்ன என்பதும் அன்றைக்குத்தான் பிடிபட்டது.

நம் வீடுகளில் எதைச் சேர்த்து வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணம், ஞானஸ்நானம், பட்டமளிப்பு, புது வீட்டுப் பிரதிஷ்டை. ஆல்பம் முழுக்கச் சிரித்த முகங்கள். அதில் தப்பில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துவிட்டுப் போனால் நம் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? முன்னோர்கள் எல்லாரும் சுகமாகவே வாழ்ந்தார்கள், எனக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று நினைப்பார்கள். படுக்கையில் கிடந்த நான் அப்படித்தான் நினைத்தேன். என் அம்மா இதைவிட ஆழமான பள்ளத்தாக்கைக் கடந்து வந்தவர் என்று தெரிந்திருந்தால், அந்த ஏழு மாதத்தில் பல இரவுகள் எனக்கு வேறு மாதிரி கழிந்திருக்கும்.

யோசுவா 4-ம் அதிகாரத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். இஸ்ரவேல் ஜனங்கள் யோர்தான் ஆற்றைக் கடந்தபின் 12 கல்லை எடுத்து நினைவுக்காக வைத்தார்கள். நாளைக்குப் பிள்ளைகள் "இந்தக் கற்கள் என்ன?" என்று கேட்டால் சொல்வதற்காக. அந்தக் கற்களைத் தேவன் எங்கிருந்து எடுக்கச் சொன்னார் என்பதை நான் இத்தனை வருடம் கவனித்ததே இல்லை. கரையில் கல்லுக்குப் பஞ்சமா? ஆற்றின் நடுவே, ஆசாரியர்களின் கால்கள் நின்ற இடத்திலிருந்து எடுக்கச் சொன்னார். அறுப்புக்காலம், யோர்தான் கரைபுரண்டு ஓடுகிற காலம் என்று வேதமே சொல்கிறது. பயப்படவேண்டிய அந்த இடத்துக் கல்லைத்தான் தோளில் தூக்கிக்கொண்டு போய் கில்காலில் நாட்டினார்கள்.

மத்தேயு முதலாம் அதிகாரத்து வம்சவரலாற்றையும் பாருங்கள். இயேசுவின் குடும்பப் பட்டியல் அது. தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி எல்லாரும் அதில் இருக்கிறார்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் நாசூக்காக விட்டுவிட்டுப் போயிருக்கக்கூடிய கதைகள். பரிசுத்த ஆவியானவர் விடவில்லை. ஆதியாகமத்தில், எகிப்துக்கு விற்கப்பட்ட யோசேப்பு மூத்த மகனுக்கு மனாசே என்று பேர் வைத்தான். வருத்தத்தையெல்லாம் தேவன் மறக்கப்பண்ணினார் என்பதற்காக. அந்தப் பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் அந்த வருத்தமும் சேர்ந்துதானே ஞாபகம் வரும்? அடுத்தவனுக்கு எப்பிராயீம்: சிறுமைப்பட்ட தேசத்திலே பலுகப்பண்ணினார். துக்கமும் சந்தோஷமும் ஒரே வீட்டில் ஓடி விளையாடியிருக்கின்றன.

எல்லாவற்றையும் ஊரறியச் சொல்லவேண்டுமா என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. நோவாவின் நிர்வாணத்தைப் பின்னிட்டு நடந்து போய் மூடிய பிள்ளைகளும் வேதத்தில் இருக்கிறார்கள். ஒருவரை அவமானப்படுத்துகிற விஷயம் வேறு, அவர் பட்ட பாடு வேறு. உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். அண்ணனைப் பற்றி எழுதும் முன் பெரியம்மாவிடமும் அக்காவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவன் பேரை இங்கே போடவில்லை. அது வீட்டுக்குள் இருக்கட்டும்.

வீட்டுப் பழைய படங்களையும் கடிதங்களையும் நினைவுகளையும் காத்துவைக்கிற இந்த வேலையில் இறங்கிய பிறகு தெரிந்துகொண்ட சிலதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு நாமே பலதைக் கெடுத்துவிடுகிறோம். பசை தடவிய அட்டையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடுகிற ஆல்பத்தில் படங்கள் இருந்தால் சீக்கிரம் வெளியே எடுங்கள். அந்தப் பசை படத்தைத் தின்றுவிடும். வரவில்லை என்றால் பலவந்தமாகப் பிய்க்காமல், ஆல்பத்தில் இருக்கும்படியே படம் பிடித்துக்கொள்ளுங்கள். கிழிந்த கடிதத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், மஞ்சளாகிக் கறை இறங்கும். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். போட்டோவின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் மை ஊறி முன்பக்கத்துக்கு வரலாம், அழுத்தி எழுதினால் தடமும் விழும். பழைய காகிதப் படம் என்றால் மெல்லிய பென்சில் போதும். பென்சில் என்பது கார்பன், வெளிச்சத்தில் மங்காது. அம்மாவின் பெட்டியில் பேனாவால் எழுதிய எத்தனையோ வரிகள் பரவி மங்கிப் போயிருந்தன. அந்தப் பென்சில் தேதி மட்டும் நேற்று எழுதியதுபோல் இருந்தது.

ஸ்கேன் செய்தால் மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை மூலப்படம் என்று நம்பாதீர்கள், அது சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

பெரியவர்களிடம் பேசும்போது "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்று கேட்டால் "என்ன சொல்றதுக்கு இருக்கு" என்று முடித்துவிடுவார்கள். கையில் ஒரு போட்டோவைக் கொடுங்கள். "இது யாரு, இவங்க ஏன் சிரிக்கல?" என்று கேளுங்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, அப்புறம் வாயைத் திறக்காதீர்கள்.

எனக்குக் கிடைத்த சந்தோஷத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. பெட்டியின் அடியில் ஒரு கேசட் இருந்தது. அம்மா சங்கீதம் வாசிக்கிறார், நடுவில் ஒரு குழந்தை "அம்மா, இது சுத்துதா?" என்று கேட்கிறது. அது நான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை, வசனத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அதைக் கேட்டபோது ஒரு கணக்கு மனதில் ஓடியது. அந்தப் பென்சில் தேதிக்குப் பிறகு ஆறேழு வருடத்தில் இப்படிச் சிரித்திருக்கிறார்! கர்த்தர் உண்மையுள்ளவர் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டாம். போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துப் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "இன்னொரு தடவை போடு" என்றார். நான்கு தடவை போட்டேன்.

தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதும்போது அவன் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பேர் சொல்லி எழுதுகிறார். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் பாட்டி என்ற சொல் அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. ஒரு கடிதத்தில் ஒரு வரி. அந்த வரி இல்லையென்றால் லோவிசாளை இன்றைக்கு யாருக்குத் தெரியும்?

நான் இப்போது நடக்கிறேன். பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் சபையில் வயதான மூன்று பேர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போனோடும் அவர்கள் வீட்டுப் போட்டோக்களோடும் போய் உட்காருகிறேன். எதற்கு வைத்திருக்கிறீர் என்று இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை.

போன மாதம் வேதாகமத்தின் முன்பக்கத்தில், குடும்பப் பெயர்கள் எழுதும் தாளில், அக்காவின் பேருக்கும் என் பேருக்கும் நடுவே கிடைத்த சின்ன இடத்தில் அண்ணன் பேரை எழுதினேன், பென்சிலால். பிறந்த நாள், போன நாள். மகன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது யாருப்பா?"

"உன் பெரியப்பா."

இரண்டு தேதியையும் விரல் வைத்துப் பார்த்தான். மனதுக்குள் கணக்குப் போட்டான். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "பெரியப்பா யார் மாதிரி இருந்தாங்க? பெரிய பாட்டிகிட்ட கேப்போமா?" என்றான்.