மாலை போகும், ஆள் போகாது

மொய் விருந்துக்கு வரவில்லை என்று, 'செய்முறை தெரியாதவன்', அதாவது சொந்தபந்தத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யத் தெரியாதவன் என்று, எனக்குப் பட்டம் கொடுத்து மாமா அனுப்பிய அந்த வாய்ஸ் மெசேஜ் இந்நேரம் பேராவூரணி தாண்டிப் பட்டுக்கோட்டை வரை போயிருக்கும். நீங்களும் கேட்டிருப்பீர்கள். சரி, நானும் பேசிவிடுகிறேன்.

மாமா, மொய் விருந்துக்கு நான் வரவில்லை. பணம் வந்தது. நீங்கள் எங்களுக்கு வைத்ததைத் திருப்பும் பழைய நடை ஐயாயிரம், மேற்கொண்டு நான் வைக்கும் புது நடை ஐயாயிரம், முதல்நாள் ராத்திரியே ஜிபேயில் போட்டேன். பார்த்துவிட்டுத்தானே திட்டினீர்கள்?

மொய் என்பது கடன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆடியில் பந்தல் போட்டு, கிடா வெட்டி, நோட்டு விரித்து நடக்கிற கொடுக்கல் வாங்கல். கேவலமாகச் சொல்லவில்லை. புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய்த் தண்ணீரை நம்ப முடியாத கடைமடையில் என் போர்வெல்லே மொய்ப் பணத்தில் போட்டதுதான். ஆனால் கடனைக் கடன் என்று சொல்லுங்கள். கடமை என்று சொல்லாதீர்கள்.

மாமாவின் விருந்தன்று காலை, எங்கள் தோப்பில் இருபது வருடம் தேங்காய் பொறுக்கிய அக்கா இறந்துபோனது. போனேன். தூக்கும் வரை இருந்தேன். 'ஆளிடம் மாலை கொடுத்துவிட்டால் போதாதா?' என்கிறார்கள். எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். மாலை போகும், ஆள் போகாது.

2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்து ஓய்ந்து விடிந்தபோது, நின்ற மரங்களை விரல்விட்டு எண்ணலாம். அப்பா திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மதியத்துக்கு மேல் விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி அந்த அக்கா வந்தது, கையில் தூக்குச்சட்டியோடு. ரேஷன் அரிசிக் கஞ்சி, மேலே வாழையிலைத் துண்டில் துவையல். அந்த அக்கா வீட்டுக் கூரை அப்போது எங்கள் வரப்பில் கிடந்தது. "மொதல்ல ஐயாவ குடிக்கச் சொல்லுங்க தம்பி" என்றது. இதை எந்த நோட்டில் எழுதுவது? பழைய நடை, ஒரு தூக்குக் கஞ்சி என்றா?

'அப்ப இதுவும் பதில் மொய்தானே' என்று ஒரு புத்திசாலி கேட்பார். இருக்கட்டுமே. ஆனால் வரவு வைத்துக்கொள்ள அந்த அக்கா இல்லையே ஐயா.

'ரெண்டுக்கும் போயிருக்கலாமே?' போயிருக்கலாம். ராத்திரி வரை பந்தி நடந்தது. தலை முழுகிவிட்டு வந்திருக்கலாம். வரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். கஜாவுக்குப் பதினோராம் நாள் வந்தீர்கள் மாமா. மிஞ்சின மரங்களை எண்ணினீர்கள். அப்புறம் அப்பாவிடம், 'வர்ற ஆடிக்கு எனக்கு மொய் வச்சுருவியில்ல?' என்று கேட்டீர்கள். அப்பா தலையாட்டினார். வைக்கவும் வைத்தார். நோட்டைப் புரட்டிப் பாருங்கள், இருக்கும்.