ராவன்ஸ்ப்ரூக்கையும் எழுதியிருக்கலாம்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ராக்கெட் ரகசியத்தை வேவு பார்த்துச் சொன்ன பிரெஞ்சுப் பெண் ழானி ரூசோ பற்றிய உங்கள் கட்டுரைக்கு நன்றி. ஆனால் ராக்கெட் தகவல் 1943-ல் லண்டன் போய்ச் சேர்ந்ததோடு முடித்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு அவர் பட்டது கொஞ்சமா?

பாரிஸில் ஜெர்மன் அதிகாரிகளோடு அவருக்கு வேலை நிமித்தமான பழக்கம். அவர்கள் புது ஆயுதம் பற்றிப் பெருமை பேசும்போது, "சும்மா சொல்கிறீர்கள், இப்படியெல்லாம் இருக்கவே முடியாது" என்று நம்பாதவர்போல் நடிப்பார். நம்பவைக்க ஒருவர் வரைபடத்தையே எடுத்துக் காட்டிவிட்டார்! அபார நினைவாற்றல், கேட்டதை அப்படியே ஒப்பித்துவிடுவார். ஜெர்மனியின் ராக்கெட் சோதனைத் தளமான பீனமுண்டே பற்றி அவர் தந்த அறிக்கை பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆர். வி. ஜோன்ஸ் மேஜைக்கே போனது.

1944-ல் அவரைப் படகில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடந்தது. பிரான்ஸின் பிரிட்டனி கரையில், த்ரெகியே ஊரில் பிடிபட்டார். சிப்பாய்கள் இழுத்துப் போகும்போதும் சத்தமாக ஜெர்மனில் பேசிக்கொண்டே போனார், பின்னால் இருக்கும் தோழர்கள் உஷாராகட்டும் என்று. அந்த நேரத்தில் யாருக்கு இது தோன்றும்?

அப்புறம் ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாம். அங்கிருந்து டோர்காவ் ஆயுதத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். போர்க்கைதிகளை ஆயுதம் செய்யச் சொல்வது ஜெனீவா ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று முகாம் அதிகாரியிடமே நேருக்கு நேர் சொன்னார். எனக்கு ராக்கெட் ரகசியத்தைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. தண்டனையாக இன்னும் கொடுமையான முகாமுக்கு மாற்றினார்கள். 1945-ல் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் மீட்டபோது உடல் உருக்குலைந்திருந்தது. அதற்குப் பிறகும் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து, 98 வயது வரை வாழ்ந்து, 2017-ல்தான் காலமானார்.

முடிந்தால் இந்தப் பகுதியை இரண்டாம் பாகமாக எழுதுங்கள். அவரோடு உளவு வேலை செய்த ழார்ஜ் லமார்க் பற்றியும் சேர்த்து.