செவலைக்குச் சோறு போடுகிறோம்

எங்கள் வீட்டில் இருப்பது சிப்பிப்பாறை நாய். கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காடுகளில் முயலை விரட்டப் பழக்கிய இனம் என்பதால், ஒட்டிய வயிறும் நீண்ட கால்களும் தோலுக்கு மேலே எண்ணிவிடக்கூடிய இரண்டு மூன்று விலா எலும்புகளும் அதற்கு இயல்பான உடற்கட்டு. கால்நடை மருத்துவர் ஒருமுறை சொன்னார், எனக்குப் புரிந்துவிட்டது. சென்னையில் எங்கள் தெருவில் காலைநடை போகிறவர்களுக்கு மூன்று ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன், ஒருவருக்கும் புரிந்தபாடில்லை.

“பாவம், இதுக்குச் சோறே போட மாட்டீங்களா?” என்று முன்பின் தெரியாத ஒருவர் நடுச்சாலையில் வண்டியை நிறுத்திக் கேட்பார். நாயின் வயிற்றைப் பார்ப்பார், பிறகு என் வயிற்றைப் பார்ப்பார். அதன் பங்கையும் நானே தின்றுவிடுகிறேன் என்ற தீர்ப்பு அந்தப் பார்வையிலேயே இருக்கும்.

அடுத்த கேள்வி பெயரைப் பற்றியது. நிறத்தை வைத்துச் செவலை என்று அழைக்கிறோம். “அது மாட்டுப் பேராச்சே” என்பார்கள். பனிநாட்டு இனமான சாம்பல் நிற ஹஸ்கி நாயைச் சென்னை வெயிலில் மூச்சிரைக்க இழுத்துக்கொண்டு போகிறவரிடம் எவரும் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

நாயைக் கண்டு அஞ்சுகிறவர்கள் மீது எனக்குத் துளியும் வருத்தமில்லை. எங்கள் குடியிருப்பின் காவலாளி சிறு வயதில் கடிபட்டவர். செவலை வருவதைப் பார்த்ததும் நாற்காலியோடு எழுந்து நின்று, “கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுக்குங்க சார்” என்பார். நானும் வாரைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு கடந்துவிடுவேன். இருவருக்கும் மரியாதை குறையாத ஏற்பாடு அது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்னும்போது, அந்த அச்சத்தைக் கேலி செய்ய நாய் வளர்ப்பவனுக்கு உரிமை கிடையாது.

உண்மையான தொல்லை, “எனக்கு நாய்னா உயிர்” என்று சொல்லிக்கொண்டே வருகிறவர்களிடமிருந்துதான் வருகிறது. அப்படி ஒருவர், தொடலாமா என்று கேட்காமல், நேராகக் குனிந்து செவலையின் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனார். அது பின்வாங்கியது, காதை மடக்கியது, என் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்தது. நாய்மொழியில் வேண்டாம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அவர் விடாமல் கையை இன்னும் நீட்டவே, அது ஒருமுறை உறுமியது. “வளர்ப்பு சரியில்லை சார்” என்று எனக்கு அறிவுரை கூறிவிட்டுப் போனார். இவர்களுக்கு அண்ணன்மார், தம் நாயை வாரில்லாமல் அவிழ்த்துவிட்டு, அது நம்மீது பாயும்போது தொலைவிலிருந்து “ஒண்ணும் பண்ணாது” என்று குரல் கொடுப்பவர்கள்.

லிஃப்ட் விவகாரம் தனி. நாயோடு படியில்தான் ஏற வேண்டும் என்று குடியிருப்போர் கூட்டத்தில் ஒருவர் முன்மொழிந்தார். லிஃப்டில் வளர்ப்பு நாய்களைத் தடுக்கக் கூடாது என்று சொல்லும் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையையும், மாநகராட்சியில் 50 ரூபாய் கட்டி வாங்கிய உரிமத்தையும், தடுப்பூசி அட்டையையும் நான் மேசைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து முடித்துவிட்டு, “அதெல்லாம் சரி, கடிக்குமா?” என்றார்.

கடைசியாகத் தரைத்தள வீட்டு அம்மா. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எவர்சில்வர் கிண்ணம் நிறையச் சாம்பார் சாதத்தோடு வாசலில் காத்திருந்தார். நெய் மணத்தது, மேலேயே சின்ன வெங்காயம் மின்னியது. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. அதை விளக்க வாய் திறப்பதற்குள் செவலை மூக்கை நீட்ட, “பாத்தியா தம்பி, எவ்வளவு பசி அதுக்கு!” என்று அவர் கண்கலங்கிவிட்டார். அந்த முகத்தைப் பார்த்து மறுக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் வைத்துக் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு மேலே வந்து, செவலை பார்த்துக்கொண்டிருக்க, முழுவதையும் நானே சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. கழுவிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, “மிச்சம் வைக்காம சாப்பிட்டுச்சா?” என்று கேட்டார். ஒரு பருக்கை மிச்சமில்லை என்றேன். அன்றிலிருந்து வெள்ளிதோறும் கிண்ணம் வருகிறது.